குளிர்காலக் காலையில் முரண்டு பிடிக்கும் பழைய பைக்குகள் – குற்றவாளி யார்?

மார்கழி மாதம். காலை நாலரை மணி. தொண்டாமுத்தூரிலிருந்து நரசீபுரம் போகும் வழியில் ஏதாவது ஒரு தோட்டத்துச் சாளை வாசலில் நின்று பாருங்கள். கிக்கரை உதைக்கும் சத்தம் கேட்கும். நாலு உதை, அஞ்சு உதை, பத்து உதை... ஒரு வழியாக வண்டி உறுமும். ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்ததும் "டுப்" என்று அணைந்து போகும். பின்சீட்டில் தக்காளிக் கூடை கட்டியாகிவிட்டது. விடிவதற்குள் கோயமுத்தூர் உழவர் சந்தைக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும். வண்டியோ நகர மாட்டேன் என்கிறது!

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்து இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "வண்டி பழசாயிருச்சுங்க. போதாக்குறைக்குக் குளிரு வேற... கொடுத்துப் போட்டுப் புதுசு எடுத்துக்கோங்கண்ணா."

வயசு ஒரு காரணம், குளிர் ஒரு காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளின் விஷயத்தில் இந்த இரண்டுமே பொய்க் குற்றச்சாட்டு. உண்மையான குற்றவாளி நூறு ரூபாய்ச் சாமானாகவோ, ஒரு சொட்டுத் தண்ணீராகவோ, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு ஓட்டையில் படிந்த பிசினாகவோ இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை குறைந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை.

தொண்டாமுத்தூர் ஊட்டி அல்ல

முதலில் குளிரை எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் என்பதால் தொண்டாமுத்தூரில் மார்கழி, தை மாதங்களில் கோவை நகரத்தைவிடச் சற்றுக் குளிர் அதிகம்தான். ஆனாலும் தெர்மாமீட்டரில் பார்த்தால் அது 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அதே மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழுகிறது, வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. அங்கேயும் பழைய சிடி 100-களும் புல்லட்டுகளும் காலையில் கிளம்பி வேலைக்குப் போகின்றன.

பூஜ்ஜியத்தில் கிளம்பக்கூடிய ஒரு இன்ஜின் 18 டிகிரியில் கிளம்பவில்லை என்றால், குளிர் அந்த நோயைக் காட்டிக்கொடுக்கிறது, உண்டாக்கவில்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

வயசும் அப்படித்தான். ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது 1985-ல். ஸ்ப்ளெண்டர் வந்தது 1994-ல். அந்தக் காலத்து வண்டிகளில் பல இன்றும் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் புல்லுக்கட்டும் பால் கேனும் சுமந்துகொண்டிருக்கின்றன. பிஸ்டன், ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போன வண்டி காலையில் மட்டுமா கஷ்டப்படும்? மேடு ஏறத் திணறும், புகை தள்ளும், நாள் முழுக்க முனகும். சூடான பிறகு நன்றாக ஓடும் வண்டியைக் காலையில் அடம் பிடிக்கிறது என்பதற்காக மட்டும் "இன்ஜின் போச்சு" என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

கார்புரேட்டருக்குக் காலை ஏன் பிடிக்காது?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சுமாராக 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்பது கணக்கு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டர் அனுப்பும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாயின் சுவரிலும் சிலிண்டரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் பிளக்குக்குப் போய்ச் சேரும் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிடுகிறது.

இதைச் சரிக்கட்டத்தான் சோக் இருக்கிறது. சில வண்டிகளில் சோக் என்பது காற்று வரும் வாயை மூடும் ஒரு தகடு. வேறு சிலவற்றில் அது கூடுதல் பெட்ரோலுக்குத் தனி வழி திறந்துவிடும் ஒரு சின்ன பிளஞ்சர். இந்த இரண்டாவது வகையில் ஒரு விசேஷம் உண்டு. இன்ஜின் இழுக்கும் உறிஞ்சுவிசையை நம்பித்தான் அது வேலை செய்கிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் அந்த உறிஞ்சுவிசை குறைந்துவிடும், சோக் போட்டும் போடாதது போல் ஆகிவிடும்!

ஆனால் காலையில் நடப்பது என்ன? சோக்கை இழுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை "விர்ர் விர்ர்" என்று நாலு முறை முறுக்கிவிட்டு, முழுசாகத் திருகிப் பிடித்துக்கொண்டே உதைப்பது. பழைய கார்களில் பெடலை மிதித்தால் பெட்ரோல் பாயும், அதற்கென்று ஒரு பம்ப் இருக்கும். நம்மூரின் சாதாரண 100 சிசி வண்டிகளில் அந்தப் பம்ப் கிடையாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரை எத்தனை முறை திருகினாலும் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே போகாது.

சரியான முறை மிகவும் எளிது. சாவியைப் போடாமல், சோக்கை முழுசாக இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் மெதுவாக இரண்டு மூன்று உதை. அதன் பிறகு சாவியைப் போட்டு ஒரு அழுத்தமான உதை. நல்ல நிலையில் இருக்கும் வண்டி இதற்கே கிளம்பிவிடும். கிளம்பிய பின் சோக்கைப் படிப்படியாக விட வேண்டும். சோக் போட்டபடியே சந்தை வரை ஓட்டினால் பிளக் கரி பிடித்து அடுத்த நாளும் இதே கதைதான். இன்னொன்று, மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடு பண்ணக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

வண்டி பேசுகிறது, கேட்க வேண்டும்

காய்ச்சல் என்றதும் எந்த மருத்துவரும் எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சை செய்வதில்லை. எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்கிறார். வண்டிக்கும் அதே விசாரணை வேண்டும்.

சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை விட்டதும் அணைகிறது என்றால், பெட்ரோல் போதவில்லை. ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையலாம்.

பல முறை உதைத்தும் அசையவில்லை, பிளக்கைக் கழற்றினால் ஈரமாகக் கறுப்பாக இருக்கிறது என்றால், பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். சோக் முழுசாகத் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். மிதவைக்கு மேலிருக்கும் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழியலாம்.

எவ்வளவு உதைத்தும் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால், பெட்ரோல் வந்து சேரவே இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளையிலிருந்து பெட்ரோல் காக்கில் இருக்கும் வலை வரை பார்க்க வேண்டும்.

காலையில் சரியாகக் கிளம்பி, நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தபின் கிளம்ப மறுக்கிறது என்றால், அது வேறு நோய். அதற்குக் குளிர் மருத்துவம் உதவாது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. "காலைல ஸ்டார்ட் ஆகலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவருக்கோ பிளக், கேபிள், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாக எல்லாம் மாறும். கடைசியில் எது மாற்றியதால் சரியானது என்று மாற்றியவருக்கும் தெரியாது!

வரிசை முக்கியம்

தேடலுக்கு ஒரு நியதி உண்டு. செலவில்லாததை முதலில், செலவு பிடிப்பதைக் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலில் பெட்ரோல். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். வாரக்கணக்கில் நிறுத்தியிருந்த வண்டி என்றால், எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய் மீதிதான் கிண்ணத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

இரண்டாவது சோக். நெம்புகோலை இழுத்தால் கார்புரேட்டரில் இருக்கும் தகடோ பிளஞ்சரோ உண்மையிலேயே முழுசாக நகர்கிறதா? கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது சர்வசாதாரணம்.

மூன்றாவது பிளக். கழற்றி, துடைத்து, வண்டியின் கையேட்டில் சொன்ன இடைவெளியை வைத்து மாட்ட வேண்டும். சந்தேகமாக இருந்தால் புதிது போடுவதே லாபம். பொறியைச் சோதிக்கும்போது பிளக் கழற்றிய துளைக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளிப் பிடிக்க வேண்டும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பனிக்காலத்தில் பிளக் மூடியின் ரப்பரில் விரிசல் இருந்தால் ஈரம் இறங்கிப் பொறி கசிந்துவிடும். அதையும் கவனிக்கலாம்.

நான்காவது ஐட்லிங் ஜெட். காலை நேரக் கோளாறுகளில் அடிக்கடி பிடிபடும் திருடன் இவன்தான். கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போட்டுச் சுத்தம் செய்யலாம். ஊக்கு, கம்பி, பிரேக் கேபிள் இழை எதையும் உள்ளே விடக் கூடாது. பித்தளை மென்மையானது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் அதன் பிறகு சரியான அளவு கொடுக்காது.

ஐந்தாவது, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர். பழைய வண்டியில் இது காய்ந்து வெடித்திருக்கும். வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும்.

கடைசியாக டேப்பட். இடைவெளி குறைந்து வால்வு முழுசாக மூடாவிட்டால் கம்ப்ரஷன் கசியும். இதை இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய சூட்டிலேயே டேப்பட் வைக்கும் பட்டறையைவிட்டு விலகி நிற்பது நல்லது.

இவ்வளவும் பார்த்தபின் காற்று ஸ்குரூ. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால்தான் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருப்புவது இருட்டில் கல்லெறிவது போலத்தான்.

இ-20: பாதிக் குற்றவாளி

இப்போது எல்லோரும் பழி போடும் ஒரு புதிய ஆள் இருக்கிறார். எத்தனால்! இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு.

2014-ல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஒன்றரை சதவீதம் அளவில்தான் இருந்தது. 2030-க்குள் 20 சதவீதம் என்று வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே அடைந்துவிட்டார்கள். கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் சந்தை கிடைக்கிறது என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் பழைய கார்புரேட்டருக்கு இது மூன்று விதத்தில் சுமை. ஒன்று, ஒரு கிலோ எத்தனால் எரிய சுமார் 9 கிலோ காற்று போதும். பெட்ரோலுக்கு அளவெடுத்துத் துளையிட்ட ஜெட்டில் இ-20 போனால், கலவையில் காற்று கூடுதலாகிவிடுகிறது. இரண்டு, எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் அந்த வெப்பத்துக்கு எங்கே போவது? மூன்று, எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ரிசர்வில் ஓடும் வண்டி முதலில் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்தைத்தான். போதாததற்குப் பழைய ரப்பர் வாஷர்களும் குழாய்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபிறகு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைச் சென்சார் அளந்து, கலவையை அதுவே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. அதன் சார்பில் யோசிக்க ஒரு மனிதன் வேண்டும். ஐட்லிங் ஸ்குரூவில் கால் திருப்பம், தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஐட்லிங் ஜெட், எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய், நீண்ட நாள் நிறுத்தும் முன் கிண்ணத்தை வடிப்பது. பல வண்டிகளுக்கு இவ்வளவே போதும்.

அதே சமயம், 2015-லேயே காலையில் பத்து உதை வாங்கிய வண்டி இன்றும் பத்து உதை வாங்கினால் அதற்கு எத்தனால் பொறுப்பல்ல. அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்யாமல் அரசைத் திட்டுவதும், "குளிருதான் காரணம்" என்பது போன்ற இன்னொரு சாக்குதான்.

ஆனால் ஒரு கோரிக்கை நியாயமானது. பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதப் பெட்ரோலையும் விலை கூடிய ரகமாக விட்டுவைத்தது. இந்தியாவில் எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனிப் பெட்ரோல் தர முடியாது என்றால் போகட்டும். எத்தனை சதவீதம் கலந்தது என்று ஒவ்வொரு பம்பின் மேலும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுவதற்கு என்ன தடை? தக்காளி விற்கிறவர் கிலோ விலையைப் பலகையில் எழுதி வைக்கிறாரே!

ஜி.டி.நாயுடுவின் ஊரில் இந்தப் பேச்சா?

1893-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? பிரித்தார். மறுபடி மாட்டினார். இயந்திரம் என்றால் என்ன என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தது அந்த வண்டிதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர், பிறகு கட்டியெழுப்பிய தொழில்கள் ஊரறிந்த கதை.

பிரித்துப் பார்த்தவர்களால் வளர்ந்த ஊர் இது. பம்புசெட்டையும் மோட்டாரையும் பட்டறையில் பிரித்துப் படித்த கைகள்தான் கோவையைத் தொழில் நகரமாக்கின. அந்த ஊரில், ஒரு ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்காமல் "வண்டியக் கொடுத்துப் போடுங்க" என்ற தீர்ப்பு வருவது கொஞ்சம் வெட்கக்கேடு. பட்டறைக்கு வரும் இளம் பையன்களுக்கு ஸ்கேனரைச் செருகிப் படிக்கத் தெரிகிறது. அது நல்லதுதான். ஆனால் ஸ்கேனர் செருக இடமே இல்லாத வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் மொழி தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கையிலிருந்து அந்தப் பாடத்தை வாங்கிக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

இது பழமை மீதான பாசம் மட்டும் அல்ல. தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இருட்டோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவருக்கு வண்டி என்பது பாதுகாப்பும் கூட. மலையிலிருந்து இறங்கும் யானைகள் விடியும் முன்புதான் தோட்டங்களைவிட்டுத் திரும்புகின்றன. ஊர் மக்கள் "ரோலக்ஸ்" என்று பெயர் வைத்திருந்த காட்டு யானையை வனத்துறை 2025 அக்டோபரில் பிடிக்கும்வரை அந்தப் பகுதியே அச்சத்தில் இருந்தது. ஒரு யானை போனாலும் மற்ற யானைகளின் வழித்தடம் அங்கேயேதான் இருக்கிறது. அந்த இருட்டில், சோக்கை விட்டதும் அணைந்து போகும் வண்டியோடு நடுவழியில் நிற்பது என்ன என்பதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புது வண்டி வாங்க முக்கால் லட்சத்துக்கும் மேல் வேண்டும். ஐட்லிங் ஜெட்டைச் சுத்தம் செய்ய ஒரு ஸ்குரூ டிரைவரும் அரை மணி நேரமும் போதும். முடிந்தவர்கள் புது வண்டி வாங்கட்டும், தவறில்லை. ஆனால் காரணம் தெரியாமல் வண்டியை மாற்றுகிறவர், அடுத்த வண்டியிலும் அதே கேள்வியோடுதான் நிற்பார்.

நாளை காலை வண்டி கிளம்பவில்லை என்றால் பதினோராவது உதையை நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமா, காய்ந்திருக்கிறதா? அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்.